அலெக் கின்னஸின் பாத்திரங்களை எந்த வரிசையில் பார்ப்பது?

சென்னையில் திரைப்படம் பயில்வோரும் நவீன நாடகக் குழுக்களில் பயிற்சி பெறுவோரும் ஓர் அயல்நாட்டு நடிகரைக் கற்க நினைத்தால், பெரும்பாலும் அவர் விருது பெற்ற படத்திலிருந்தே தொடங்குகிறார்கள். பிரிட்டிஷ் நடிகர் அலெக் கின்னஸைப் (1914–2000) பொறுத்தவரை அந்த வழி அவ்வளவாகப் பயன் தராது. கனத்த ஒப்பனைக்குள் தம்மை மறைத்துக்கொண்டு புகழ்பெற்ற அவர், பிற்காலத்தில் ஒப்பனையின் துணை இல்லாமலே மறையக் கற்றுக்கொண்டார். அந்த மாற்றம் கண்ணுக்குப் புலப்படும்படி படங்களை அடுக்கினால்தான் அவருடைய கலை விளங்கும்.

நான்கைந்து பேராகக் கூடிப் பார்ப்பது நல்லது. ஆளுக்கொன்றாக நடை, குரல், கை, கண் என்று கவனிக்க வேண்டியதை முன்கூட்டியே பிரித்துக்கொள்ளவும். முதல் முறை கதைக்காக முழுப்படத்தையும் பார்த்துவிட்டு, பிறகு ஒரு காட்சியை மட்டும் ஒலியை நிறுத்தி மீண்டும் பார்க்க வேண்டும். மொட்டைமாடியில் புரொஜெக்டர் வைத்துப் பார்ப்பவர்கள் ஐப்பசி, கார்த்திகை மாதங்களைத் தவிர்த்துவிடலாம். தொலைக்காட்சியில் பார்ப்பவர்கள், திரையை நிரப்பும்படி படத்தைப் பெரிதாக்கும் அமைப்பை அணைத்துவிட வேண்டும். பழைய கறுப்பு-வெள்ளைப் படங்களின் சட்டகம் ஏறக்குறைய சதுரமானது என்பதால், அதைப் பெரிதாக்கினால் நடிகர்களின் தலையும் காலும் வெட்டுப்படும். கின்னஸைப் பார்க்கும்போது காலை இழப்பது பெரிய இழப்பு.

தொடங்க வேண்டிய படம், 1949இல் ஈலிங் ஸ்டுடியோ தயாரித்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கொரோனெட்ஸ்'. பிரபுப் பட்டத்துக்காக ஓர் இளைஞன் தன் உறவினர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டும் இந்த நகைச்சுவைப் படத்தில், அந்தக் குடும்பத்தின் எட்டு உறுப்பினர்களாக, ஒரு பெண் உட்பட, கின்னஸே வருகிறார். தமிழ்ப் பார்வையாளர்களுக்கு இங்கே ஒரு வசதி உண்டு. 1964இல் ஏ.பி. நாகராஜன் இயக்கிய 'நவராத்திரி'யில் சிவாஜி கணேசன் ஏற்ற ஒன்பது வேடங்கள் நமக்கு மனப்பாடம் என்பதால், இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்பது வேடத்திலும் சிவாஜி என்ற கலைஞரை நாம் ரசித்துக்கொண்டே இருக்கிறோம். படமும் அதையே விரும்புகிறது. கின்னஸோ தாம் அங்கே இருப்பதையே மறக்கடிக்கப் பார்க்கிறார். இவற்றில் எது உயர்ந்தது என்ற விவாதத்தில் மாலைப்பொழுதை வீணாக்க வேண்டாம். தேவாலயக் காட்சியில் ஒரே சட்டகத்துக்குள் ஆறு கின்னஸ்கள் அமர்ந்திருப்பதை நிறுத்திப் பார்க்கவும். கேமராவை அசையாமல் பொருத்தி, சட்டகத்தின் ஒரு பகுதியை மட்டும் திறந்து படம்பிடித்து, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, அடுத்த பகுதியைத் திறந்து, என்று ஒளிப்பதிவாளர் டக்ளஸ் ஸ்லோகம் அதைக் கையாலேயே சாத்தியமாக்கினார்.

அடுத்து, ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் நாவல்களைத் தழுவி டேவிட் லீன் இயக்கிய இரு படங்களை அடுத்தடுத்த நாட்களில் பார்க்க வேண்டும். 1946இல் வந்த 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' படத்தில் அவர் துள்ளலான இளைஞர் ஹெர்பர்ட் பாக்கெட்; 1948இல் வந்த 'ஆலிவர் ட்விஸ்ட்' படத்தில் திருட்டுச் சிறுவர்களை வளர்க்கும் கிழவன் ஃபேகின். அதன் படப்பிடிப்பு தொடங்கியபோது அவருக்கு வயது முப்பத்து நான்குகூட நிறையவில்லை. ஒப்பனைக் கலைஞர் ஸ்டூவர்ட் ஃப்ரீபார்ன், நாவலுக்கு குரூக்ஷாங்க் வரைந்த படங்களைப் பின்பற்றிப் பெரிய மூக்கு ஒன்றைச் செய்து ஒட்டினார். அந்த மூக்கு யூதர்களை இழிவுபடுத்துகிறது என்ற எதிர்ப்பால், படம் அமெரிக்காவில் 1951 வரை வெளியாகவில்லை. வெளியானபோதும் வெட்டுப்பட்டே வந்தது. இந்த எதிர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளவும். கடைசிப் படத்தில் மீண்டும் தேவைப்படும்.

1951இல் வெளியான 'தி மேன் இன் தி வொயிட் சூட்' படத்தில், அழுக்குப் படியாத, கிழியாத துணியைக் கண்டுபிடிக்கும் வேதியியலாளராக அவர் நடிக்கிறார். ஆலை முதலாளிகளும் தொழிலாளர்களும் ஒன்றுசேர்ந்து அவரைத் துரத்துகிறார்கள். பெரம்பூரில் இருந்த பி அண்ட் சி துணி மில்லின் கதையைத் தாத்தா வாயிலாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தப் படத்தை விளக்க வேண்டியதில்லை. 1955இன் 'தி லேடிகில்லர்ஸ்' படத்தைப் பொய்ப்பற்களுக்காகப் பார்க்கலாம், அவசரமில்லை.

வரிசையின் நடுப்பகுதியே மிக முக்கியமானது. 1957இல் வெளிவந்து அவருக்குச் சிறந்த நடிகருக்கான ஆஸ்கரைப் பெற்றுத்தந்த 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படத்தில், ஜப்பானியரிடம் போர்க்கைதியான கர்னல் நிக்கல்சன், தகரக் கொட்டகைச் சிறையிலிருந்து வெளியே வந்து மைதானத்தைக் கடந்து நடக்கும் காட்சியைப் பலமுறை பார்க்க வேண்டும். முகத்தில் ஒட்டுமூக்கோ பொய்ப்பல்லோ கிடையாது. உடல் தளர்ந்து கால்கள் பின்னிக்கொள்ள, முதுகு மட்டும் வளைய மறுக்கிறது. இளம்பிள்ளை வாதத்திலிருந்து மீண்டுகொண்டிருந்த தம் மகன் நடந்ததைப் பார்த்தே இந்த நடையை அவர் அமைத்துக்கொண்டார் என்பது பதிவாகியுள்ளது. ஒலியை நிறுத்திப் பார்க்க இதைவிடப் பொருத்தமான காட்சி கிடையாது.

இந்தப் படம் இலங்கையின் கித்துல்கலயில் எடுக்கப்பட்டது. ஆனால் நமக்கு நெருக்கமான செய்தி வேறு. படத்தில் கைதிகள் கட்டும் பாலம், ஜப்பானியர் 1942–43இல் போட்ட சயாம் (தாய்லாந்து) மரண ரயில் பாதைக்கானது. அந்தப் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் ஏராளமாக மாண்டார்கள். அவர்கள் இந்தப் படத்தின் கதையில் இல்லை. கின்னஸின் நடிப்பை வியக்கும் குழு, அந்த இல்லாமையைப் பற்றியும் பேசிவிட்டுக் கலைவது நல்லது.

உடனடியாக 1960இன் 'டியூன்ஸ் ஆஃப் குளோரி' படத்தைப் பார்க்கவும். இங்கும் ராணுவ அதிகாரிதான். ஆனால் செந்நிறத் தலைமுடியும் உரத்த குரலும் குடிப்பழக்கமும் கொண்ட ஸ்காட்லாந்துக்காரர் ஜாக் சின்க்ளேர். நிக்கல்சனின் நிமிர்ந்த முதுகையும் சின்க்ளேர் தோளை ஆட்டி நடப்பதையும் குழுவில் ஒருவர் எழுந்து நடந்து காட்ட முயன்றால், சொற்களால் விளங்காதது விளங்கும்.

'ஸ்டார் வார்ஸ்' (1977) படத்தை ஏற்கெனவே எல்லோரும் பார்த்திருப்பதால் அதைத் தாண்டிவிடலாம். 1979இல் பிபிசி ஒளிபரப்பிய 'டிங்கர் டெய்லர் சோல்ஜர் ஸ்பை' தொடரைத் தவறவிடக் கூடாது. ஓய்வுபெற்ற உளவு அதிகாரி ஜார்ஜ் ஸ்மைலியாக, மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் அமர்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் கேட்டல்தான் நடிப்பு. குரலைக் கவனிக்கப் பொறுப்பேற்றவர் அன்று மௌனங்களைக் குறித்துக்கொள்ளட்டும்.

கடைசியாக 1984இன் 'எ பேசேஜ் டு இந்தியா'. டேவிட் லீனின் இந்தப் படத்தில் கின்னஸ், தோலுக்குச் சாயம் பூசிக்கொண்டு, பேராசிரியர் கோட்போலே என்ற பிராமணராக வருகிறார். அதே படத்தில் விக்டர் பானர்ஜி, ரோஷன் சேத், சயீத் ஜாஃப்ரி ஆகிய இந்திய நடிகர்கள் இருக்கும்போது இந்தத் தேர்வு இன்னும் உறுத்துகிறது. அவருடைய நடனக் காட்சி படத்தொகுப்பில் நீக்கப்பட்டதால் அவர் மனம் வருந்தினார் என்பார்கள். இருந்திருந்தாலும் பாத்திரம் தேறியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பார்த்து முடித்ததும் ஃபேகின் வரும் காட்சி ஒன்றையும் கோட்போலே வரும் காட்சி ஒன்றையும் ஒலியில்லாமல் அடுத்தடுத்து ஓட்டி, எதில் உடல் வேடத்தைத் தாங்குகிறது, எதில் வேடம் மட்டும் மிஞ்சுகிறது என்று குழுவினர் தனித்தனியே எழுதிவைத்து, பிறகு ஒப்பிடலாம்.