உக்கிராணச் சாவி யாரிடம்? ஊழியத்தில் நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் பக்கத்துத் திருமண வீடுகளில் உக்கிராண அறை என்று ஒன்று இருக்கும். அரிசி மூட்டை, வெல்லம், நெய் டின், தேங்காய், வாழையிலைக் கட்டு எல்லாம் அங்கேதான். அந்த அறையின் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்பதைப் பெரியவர்கள் முந்தின வாரமே பேசி முடித்துவிடுவார்கள். நாலு விசேஷத்தில் பொறுப்பாக நின்று, மீந்ததைக் கணக்கோடு திருப்பிக் கொடுத்தவர் யாரோ அவரிடம் சாவி போகும். சிறு வயதில் ஒரு பெரியப்பாவைப் பார்த்திருக்கிறேன். கடைசிப் பந்தியும் எழுந்து, எல்லோரும் திண்ணையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அவர் மட்டும் உள்ளே குனிந்து மீதி நெய்யை அளந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டிருந்தார். எழுதச் சொல்லி அவரிடம் யாரும் கேட்டதில்லை.

“உக்கிராணக்காரன் உண்மையுள்ளவனென்று காணப்படுவது அவனுக்கு அவசியமாம்” என்ற வசனத்தை (1 கொரிந்தியர் 4:2) வாசிக்கும்போதெல்லாம் அந்தத் துண்டுச் சீட்டுத்தான் என் கண்முன் வருகிறது. அதில் ‘காணப்படுவது’ என்ற சொல்லை நாம் அவசரமாகத் தாண்டிப் போகிறோம். ஊழியத்தில் நாம் செய்யும் தவறுகள் பலவும் அங்கேதான் தொடங்குகின்றன.

வரத்தைப் பார்த்துக் குணத்தை முடிவு செய்வது

இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன். வாலிபர் ஐக்கியத்துக்குப் பொறுப்பாளர் தேவைப்பட்டபோது, சபைக்கு வந்து நான்கு மாதம்கூட ஆகாத ஒரு தம்பியின் பெயரை நான்தான் முன்மொழிந்தேன். அருமையாகப் பாடுவான், ஜெபித்தால் கூட்டம் கண்ணீர் விடும். அவன் வீட்டில் எப்படிப் பேசுகிறான், வாங்கின கடனை எப்படித் திருப்புகிறான் என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. ஒரு வருடத்துக்குள் பொறுப்பும் போயிற்று, அவனும் சபையை விட்டுப் போனான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தாங்க முடியாத சுமையை அவன் தோளில் ஏற்றியவர்கள் நாங்கள்.

“ஒருவன்மேலும் சீக்கிரமாய்க் கைகளை வையாதே” என்று, அதாவது யாரையும் அவசரப்பட்டு ஊழியப் பொறுப்பில் ஏற்படுத்தாதே என்று, அப்போஸ்தலர் பவுல் தம் உடன் ஊழியன் தீமோத்தேயுவுக்கு எழுதியது (1 தீமோத்தேயு 5:22) இதற்காகத்தான். உதவிக்காரர்கள்கூட முன்னதாகச் சோதிக்கப்பட வேண்டும் என்று அதே நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் சொல்கிறது. தீமோத்தேயுவும் அப்படி வந்தவன்தான். பவுல் அவனைச் சேர்த்துக்கொள்ளும் முன்பே, லீஸ்திராவிலும் இக்கோனியாவிலும் இருந்த சகோதரர் அவனைக்குறித்து நற்சாட்சி கொடுத்திருந்தார்கள். அவன் வளர்ந்த ஊரிலும் பக்கத்து ஊரிலும் அவனை அறிந்தவர்கள் அவர்கள். பின்னாளில் பிலிப்பி சபைக்கு அவனை அனுப்பும்போது பவுல் நீளமான சிபாரிசு எதுவும் எழுதவில்லை. அவனுடைய உத்தமகுணத்தை நீங்களே அறிந்திருக்கிறீர்கள் என்கிறார் (பிலிப்பியர் 2:22).

சோதனை வந்தால் அழைப்பே இல்லை என்று எண்ணுவது

அந்த ‘உத்தமகுணம்’ கிரேக்க மூலத்தில் ‘தொகிமே’. சோதித்துப் பார்த்துத் தேறியது என்று பொருள். உலோகத்தைப் புடமிட்டுப் பார்ப்பதோடு தொடர்புள்ள சொற்குடும்பம். ரோமர் 5:4-லும் இதே சொல்தான் வருகிறது. அங்கே நம் வேதாகமம் அதைப் ‘பரீட்சை’ என்று மொழிபெயர்த்திருக்கிறது: உபத்திரவம் பொறுமையை உண்டாக்கும், பொறுமை பரீட்சையை. ஓரிடத்தில் பரீட்சை, இன்னோரிடத்தில் உத்தமகுணம், மூலத்தில் ஒரே சொல். இதை முதன்முதலில் கண்டபோது வெகுநேரம் புத்தகத்தை மூடாமல் உட்கார்ந்திருந்தேன். ஞாயிறு பள்ளியில் மூன்றே பிள்ளைகள் வருகிறார்கள், யாரும் நன்றி சொல்வதில்லை, வேலை பார்க்கும் இடத்தில் நேர்மையாக இருந்ததற்காகப் பதவி உயர்வு தள்ளிப்போகிறது என்றால், “கர்த்தர் இந்த வழியை அடைத்துவிட்டார்” என்று உடனே விலகிவிடுகிறோம். உத்தமகுணம் உருவாகிற இடத்திலிருந்தே எழுந்து போய்விடுகிறோம்.

கணக்குக் கேட்டால் கோபப்படுவது

“ஊழியக்காரர்மேல் நம்பிக்கை இல்லையா?” என்ற கேள்வியை எத்தனை சபைக் கூட்டங்களில் கேட்டிருக்கிறோம்! எருசலேம் பரிசுத்தவான்களுக்கான பணத்தைக் கொண்டுபோகும்போது பவுல் அப்படிக் கேட்கவில்லை. தீத்துவோடு இன்னும் இரண்டு சகோதரரையும் அனுப்புகிறார். அவர்களில் ஒருவரைச் சபைகளே தெரிந்தெடுத்திருந்தன. கர்த்தருக்கு முன்பாக மட்டும் யோக்கியமாக இருந்தால் போதாது, மனுஷருக்கு முன்பாகவும் இருக்க வேண்டும் என்று காரணமும் எழுதுகிறார் (2 கொரிந்தியர் 8:21). காணிக்கைப் பையை இரண்டு பேராக எண்ணுங்கள், இருவரும் கையெழுத்துப் போடுங்கள். எண்ணுகிறவருக்கு அது அவமானமல்ல, பாதுகாப்பு.

நம் மண்ணிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. பிரஷ்யாவில் 1726-ல் பிறந்த மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் 1750-ல் தரங்கம்பாடிக்கு வந்தார். 1798-ல் தஞ்சாவூரில் கண்மூடும்வரை, நாற்பத்தெட்டு ஆண்டுகள், ஐரோப்பாவுக்குத் திரும்பவே இல்லை. 1779-ல் சென்னை அரசாங்கம் ஹைதர் அலியிடம் பேச அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பியது. வழிச்செலவுக்கென்று ஹைதர் முந்நூறு ரூபாய் கொடுத்தார். சுவார்ட்ஸ் ஐயர் அதைச் சென்னை அரசாங்கத்திடம் ஒப்படைத்தார். அவர்கள் வாங்க மறுத்த பிறகு, தஞ்சாவூரில் பிள்ளைகளுக்கு ஒரு தருமப் பள்ளி தொடங்க அதையே முதல் பணமாக வைத்தார். சில ஆண்டுகள் கழித்துப் போரும் பஞ்சமும் வந்தபோது, தஞ்சாவூர்க் கோட்டைக்குள் இருந்தவர்களுக்குத் தானியம் இல்லை. விலை கிடைக்காது என்று பயந்து குடியானவர்கள் மாடுகளையும் நெல்லையும் தர மறுத்தார்கள். பணத்துக்கு நான் பொறுப்பு என்று சுவார்ட்ஸ் ஐயர் சொன்ன பிறகு கொண்டுவந்தார்கள், பணமும் போய்ச் சேர்ந்தது. 1787-ல் தஞ்சாவூர் மன்னர் துளஜா மரணப்படுக்கையில் தம் சுவீகாரப் பிள்ளை சரபோஜியை ஒப்படைத்ததும் இவர் கையில்தான். சரபோஜி கிறிஸ்தவராகவில்லை. ஆனாலும் சுவார்ட்ஸ் ஐயர் நினைவாக அவர் எழுப்பிய பளிங்குச் சிற்பம் தஞ்சாவூரில் கிறிஸ்தவ ஆலயத்தில் இன்றும் இருக்கிறது.

விழுந்தவனைத் திரும்பப் பார்க்காதது

உடம்பு முடியாமல் ஓய்வெடுப்பவரை ‘பின்வாங்கிவிட்டார்’ என்று பேசுவதும் தவறு. பிலிப்பி சபையிலிருந்து உதவிக்கு வந்து, மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்ட எப்பாப்பிரோதீத்துவை, சந்தோஷமாய் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் பவுல் ஊருக்கு அனுப்பினார். அதைவிடக் கனமான தவறு, ஒருமுறை தவறியவனை அத்தோடு எழுதித் தள்ளுவது.

பவுலோடும் அவருடைய உடன் ஊழியர் பர்னபாவோடும் புறப்பட்ட மாற்கு பாதி வழியில், பம்பிலியா நாட்டில், ஊழியத்தை விட்டு எருசலேமுக்குத் திரும்பினான். அவனைத் திரும்பவும் அழைத்துப்போவதா என்பதில் பவுலும் பர்னபாவும் பிரிந்தே போனார்கள். பவுல் மறுத்தது தவறு என்று நான் சொல்லமாட்டேன். சோதிக்கப்படாதவனை உடனே சேர்க்க அவருக்கு மனமில்லை. பர்னபா அவனைக் கப்பலேற்றிச் சீப்புருதீவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவன் என்ன செய்தான் என்று அப்போஸ்தலர் நடபடிகள் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. ஆண்டுகள் பல கழிந்தன. தேமா விட்டுப்போய்விட்டான், லூக்கா மட்டும் கூட இருக்கிறான் என்ற நிலையில், பவுல் காவலில் இருந்து தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார்: துரோவாவில் கார்ப்பு வீட்டில் வைத்துவந்த மேலங்கியை எடுத்துவா, புஸ்தகங்களையும் எடுத்துவா, மாரிகாலத்துக்கு முன்னே வந்துசேர், வரும்போது மாற்குவையும் உன்னோடே கூட்டிக்கொண்டுவா, ஊழியத்தில் அவன் எனக்குப் பிரயோஜனமுள்ளவன்.