40 நிமிடம், ஒரு சமையலறை, 12 படங்கள்: வீட்டுக்குள் ஒரு புகைப்படச் சவால்

புகைப்படம் பழக வேண்டும் என்று சொல்பவர்களில் பாதிப் பேர் அடுத்த வாக்கியத்தில் ஊட்டி என்கிறார்கள். மீதிப் பேர் புதுக் கேமரா என்கிறார்கள். இரண்டும் இல்லாமலே தொடங்கலாம். ஒரு செல்போன், பகல் வெளிச்சம் வரும் ஒரு ஜன்னல், யாரும் கூப்பிடாத முக்கால் மணி நேரம், இவை போதும். மூன்றாவதுதான் எளிதில் கிடைக்காது.

விதிகளைச் சொல்லிவிடுகிறேன். ஒரே அறை. ஒரே தலைப்பு. 40 நிமிடம். மொத்தம் 12 கிளிக். நடுவில் எதையும் அழிக்கக் கூடாது. இந்த 12 பிலிம் காலத்துக் கணக்கு. 120 வகைப் பிலிமைப் போட்டுச் சதுரப் படம் எடுக்கும் கேமராவில் ஒரு சுருளுக்கு 12 படம்தான் விழும். ஒவ்வொரு கிளிக்குக்கும் காசு போனதால் எடுப்பவர் ஒரு முறைக்கு இரு முறை பார்த்துவிட்டுத்தான் விரலை அசைத்தார். செல்போனில் காசு போவதில்லை. ஆகவே ஒரே தட்டை அறுபது தடவை எடுத்துவிட்டு, அறுபதும் ஒரே மாதிரி இருக்கிறதே என்று விழிக்கிறோம். கடிகாரமும் எண்ணிக்கையும் நெருக்கினால்தான் கண் வேலை செய்யத் தொடங்கும் என்பது என் கட்சி.

நான் பரிந்துரைக்கும் அறை சமையலறை. பளபளக்கும் பாத்திரம், ஆவி, தண்ணீர், நெருப்பு, காய்கறி என்று வெளிச்சத்தோடு விளையாடும் பொருள்கள் இவ்வளவு நெருக்கமாக வேறெந்த அறையிலும் இல்லை. “அங்கே எடுக்க என்ன இருக்கிறது?” என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். புகைப்படக் கலையைத் தொடங்கி வைத்தவர்களில் ஒருவரான இங்கிலாந்தின் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1844-இல் எடுத்த புகழ்பெற்ற படத்தில் இருப்பது, திறந்த கதவோரம் சாய்த்து வைத்த ஒரு துடைப்பம்.

முதல் படி: கடிகாரத்தை ஓடவிடும் முன்

லென்ஸைத் துடையுங்கள். நாள் முழுக்கக் கையிலும் பையிலும் புழங்கும் போன் அது; கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்கும். படம் மங்கலாக, விளக்கைச் சுற்றிப் புகை படர்ந்த மாதிரி வருவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். பழைய பருத்தி வேட்டித் துணி போதும்.

ஃப்ளாஷை நிறுத்துங்கள். போனை விமானப் பயன்முறையில் போடுங்கள். சரியாக விரல் படும் நொடியில்தான் கடன் வேண்டுமா என்று யாராவது அழைப்பார்கள். கேமரா அமைப்புகளில் கட்டக் கோடுகளைத் திரையில் காட்டும் வசதி இருக்கும். அதைத் திறந்து வைத்தால் படம் கோணலாவது குறையும்.

அடுத்தது முக்கியம்: டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சத்துக்கு ஒரு நிறம், விளக்குக்கு வேறு நிறம். இரண்டும் கலந்தால் எதை வெள்ளை என்று எடுத்துக்கொள்வது என்று கேமரா குழம்பும். அதனால்தான் இட்லி ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளுமாக வருகிறது.

நேரம் காலை எட்டு, எட்டரை, அல்லது மாலை நான்குக்குப் பிறகு. உச்சி வெயில் ஜன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடில் நின்றுவிடும், உள்ளே வராது.

அறையை ஒழுங்குபடுத்த வேண்டாம். கழுவாத பாத்திரம் அப்படியே கிடக்கட்டும். சுத்தம் செய்யத் தொடங்கினால் அன்றைக்குச் சுத்தம்தான் நடக்கும், படம் நடக்காது.

இரண்டாம் படி: தலைப்பைச் சீட்டுக் குலுக்குங்கள்

சிறு தாள்களில் தலைப்புகளை எழுதி, மடித்து, ஒரு டப்பாவில் போட்டு ஒன்றை எடுங்கள். பிடிக்கவில்லை என்று மாற்றக் கூடாது. தலைப்பில் பொருளின் பெயரை எழுதாதீர்கள், குணத்தை எழுதுங்கள். ‘தட்டு’ என்று எழுதினால் தட்டைப் படம் பிடித்துவிட்டு உட்கார்ந்துவிடுவீர்கள். ‘வட்டம்’ என்று எழுதினால் தட்டு, மூடி, அடுப்பின் பர்னர், நறுக்கிய வாழைத்தண்டு, வாணலியில் வெடிக்கும் எண்ணெய்க் குமிழி என்று தேட வேண்டிவரும். ஈரம், பாதி, நிழல், கம்பி, சிவப்பு, சொரசொரப்பு ஆகியவை முதல் முறைக்கு நல்லவை. ‘மகிழ்ச்சி’, ‘தனிமை’ போன்றவை இப்போது வேண்டாம். தனிமை என்றால் எல்லாரும் ஒற்றைத் தம்ளரைத்தான் எடுக்கிறார்கள்.

மூன்றாம் படி: முதல் 10 நிமிடம் போனைத் தொடாதீர்கள்

கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது; போன் மேடையில் கிடக்கட்டும். இந்தப் பத்து நிமிடம் வெளிச்சத்தைத் தேடுவதற்கு. உள்ளங்கையை நீட்டியபடி அறைக்குள் நடந்து பாருங்கள். ஜன்னலருகே கையின் ரேகைகள் ஒரு பக்க நிழலோடு ஆழமாகத் தெரியும். இரண்டு எட்டு உள்ளே வந்தால் நிழல் மெலியும், ரேகைகள் மழுங்கும். ஃபிரிட்ஜ் பக்கம் போனால் கை தட்டையாகிவிடும். எந்த இடத்தில் உங்கள் கை பார்க்க நன்றாக இருக்கிறதோ, அங்கேதான் கத்தரிக்காயும் நன்றாக இருக்கும்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் வெஸ்டன் 1930-இல் ஒரு குடைமிளகாயைப் படம் எடுத்தார். பல பின்னணிகளை வைத்துப் பார்த்துத் திருப்தி இல்லாமல், கடைசியில் அதை ஒரு தகரப் புனலின் வாய்க்குள் வைத்தார். புனலின் உட்புறம் வெளிச்சத்தைச் சுற்றிலும் திருப்பி அனுப்ப, மிளகாயின் வளைவுகள் திரண்ட தசை போலத் தெரிந்தன. மண்ணெண்ணெய் ஊற்றிய பழைய புனல் உங்கள் பரணில் இருக்கலாம். இல்லாவிட்டால் எவர்சில்வர் பாத்திரத்தைப் பக்கவாட்டில் சாய்த்து, அதன் வாயை ஜன்னல் பக்கம் திருப்பி, உள்ளே காயை வையுங்கள். வேலை செய்யும்.

நான்காம் படி: 20 நிமிடம், 12 கிளிக்

முதல் மூன்று கிளிக்கும் எல்லாருக்கும் தோன்றும் படங்களாகத்தான் இருக்கும். பரவாயில்லை, சீக்கிரம் முடித்துவிடுங்கள். நான்காவதிலிருந்து உடம்பை நகர்த்த வேண்டும். தரையில் உட்காருங்கள். போனைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் தரையோடு ஒட்டி வரும். அரிசி மணி பாறாங்கல்லாகும். நேர் மேலிருந்து எடுங்கள், ஆனால் ஆடும் ஸ்டூலில் ஏறாதீர்கள். பொருளை உங்களுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் வைத்து எதிர்வெளிச்சத்தில் பாருங்கள்: முருங்கைக்கீரை, தக்காளித் துண்டு, வெங்காயச் சருகு மூன்றும் அப்போதுதான் தங்கள் நரம்பைக் காட்டும்.

எதிர்வெளிச்சத்தில் பொருள் கருத்துப்போனால், அல்லது ஜன்னல் வெள்ளையாக வெளுத்துப்போனால், திரையில் வேண்டிய இடத்தை ஓரிரு விநாடி அழுத்திப் பிடியுங்கள். பெரும்பாலான போன்களில் ஃபோகஸும் வெளிச்ச அளவும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பக்கத்தில் தோன்றும் சூரியக் குறியை நகர்த்தி இருளையோ வெளிச்சத்தையோ கூட்டலாம். சமையலறையில் பெரும்பாலும் இருளைக் கூட்டுவதே நல்லது என்பேன். மேடைக்கு அடியில் கிடக்கும் கேஸ் குழாயும் சாக்குப் பையும் இருட்டில் மறைந்துவிடும்.

மிக நெருங்காதீர்கள். ஒரு சாணுக்கும் கிட்டே போனால் பல போன்களின் முதன்மை லென்ஸ் தடுமாறும். சற்றே பின்வாங்கி இரண்டு மடங்கு பெரிதாக்கி எடுங்கள். எவர்சில்வர் தம்ளரில் உங்கள் முகம் உப்பித் தெரிகிறது என்றாலும் இதே மருந்துதான். தூரம் கூடக் கூட உங்கள் உருவம் அதில் சிறுத்துவிடும்.

ஆவி பிடிபடவில்லை என்பது பொதுவான புலம்பல். இட்லிப் பானையைத் திறக்கும்போது ஆவிக்குப் பின்னால் இருட்டு வேண்டும். வெளிச்சம் பின்பக்கத்திலிருந்தோ பக்கவாட்டிலிருந்தோ வர வேண்டும். வெள்ளைச் சுவர் பின்னணியாக இருந்தால் ஆவி சுவரோடு கலந்து காணாமல் போகும். கதவைத் திறந்து அதன் நிழல் பகுதியைப் பின்னணியாக்கினால் போதும். மின்விசிறியை அணைக்க மறக்காதீர்கள்.

காபி ஆற்றுவதை எடுக்க விரும்பினால் ஆற்றித் தர ஓர் ஆள் வேண்டும். அம்மாவோ மாமியாரோ அகப்பட்டால், காபி முதலில் அவர்களுக்கு. ஜன்னலை ஒட்டி நிற்கச் சொல்லுங்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் கேமரா நீண்ட நேரம் திறந்திருக்கும். காபி நுரையோடு கூடிய கம்பியாகத் தெரியாமல் பழுப்பு நாடாவாக இழுபடும். அதுவும் சில சமயம் அழகுதான். தொடர் கிளிக் வசதியை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அது 12 என்ற கணக்கைக் கேலி செய்யும்.

கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் நிரப்பி, ஒரு சாண் பின்னால் நாள்காட்டித் தாளைப் பிடித்தால் தேதி இடவலமாகத் திரும்பித் தெரியும். உருளை வடிவத் தண்ணீர் ஒரு லென்ஸ். குழந்தைகள் வீட்டில் இருந்தால் இதை அவர்களிடம் விட்டுவிடுங்கள். பத்து நிமிடம் உங்கள் பக்கம் வர மாட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். காலை வெயில் தரையில் விழும் வீடு என்றால், முறுக்குப் பிழியும் குழலிலிருந்து ஒற்றை நட்சத்திர அச்சை எடுங்கள். வெயிலில் தரைக்கு இரண்டு விரல் உயரத்தில் பிடித்தால் நட்சத்திரம் கூர்மையாக விழும். மெல்ல உயர்த்துங்கள். முழங்கால் உயரத்தில் முனைகள் மழுங்கும். நெஞ்சு உயரத்தில் நட்சத்திரம் வட்டமாகிவிடும். அச்சின் ஓட்டை மாறவில்லை. தரையில் விழுவது இப்போது சூரியனின் உருவம். சிறு துளை வழியே வரும் வெளிச்சம் போதிய தூரம் சென்றால், துளையின் வடிவத்தை விட்டுச் சூரியனின் வடிவத்தை எடுத்துக்கொள்ளும். மரத்தடியில் வட்ட வட்டமாக வெயில் சிந்திக் கிடப்பதும், சூரிய கிரகணத்தன்று அவை பிறைகளாவதும் இதனால்தான். தரையில் கோதுமை மாவைத் தூவி அதன்மேல் அந்த ஒளியை விழச் செய்து எடுத்தால், ‘வட்டம்’ தலைப்புக்குத் தட்டைத் தேட வேண்டியதே இல்லை.

நிழல் சீட்டு வந்தவர்களுக்கு ஒரு முன்னோடி: ஆந்த்ரே கெர்தேஸ் என்ற புகைப்படக் கலைஞர் 1928-இல் பாரிசில் எடுத்த முள்கரண்டிப் படம். தட்டின் விளிம்பில் சாய்ந்த கரண்டி, அதன் நிழல், அவ்வளவே. நம் வீட்டில் ஜல்லிக்கரண்டி அதைவிடப் பல மடங்கு வசதியான நிழல் தரும்.

ஐந்தாம் படி: கடைசி 10 நிமிடம்

போனின் திரை வெளிச்சத்தைக் கூட்டி, 12 படங்களையும் முதலில் சிறு சிறு கட்டங்களாகவே பாருங்கள். கட்டத்திலேயே கண்ணை இழுக்கும் படம் பெரிதாக்கினாலும் இழுக்கும். மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். செய்யலாம் என்று அனுமதிப்பவை இரண்டு: ஓரத்தை வெட்டுவது, கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பார்ப்பது. நிறம் போன பிறகும் படம் நின்றால் அது வெளிச்சத்தால் நிற்கிறது. விழுந்துவிட்டால் தக்காளியின் சிவப்புதான் அதைத் தூக்கிப் பிடித்திருந்தது. அதற்காகச் சிவப்பை ஒதுக்க வேண்டாம், எது எதைத் தாங்கியது என்று தெரிந்தால் போதும். மீதி ஒன்பதை மறுநாள் வரை அழிக்காதீர்கள். அவசரத்தில் தள்ளிவிட்டதில் ஒன்று காலையில் நன்றாகத் தெரியக்கூடும்.

வீட்டில் இருவர் மூவர் சேர்ந்தும் ஆடலாம். ஒரே சீட்டு, வெவ்வேறு அறைகள். ஒருவர் படத்தை மற்றவர் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால் சண்டை சுவையாக இருக்கும்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன் படத்தின் மூலைகளை ஒரு தடவை பெரிதாக்கிப் பாருங்கள். ஃபிரிட்ஜில் ஒட்டிய மின்கட்டண அட்டை, மேடைமீது மாத்திரை அட்டை, கேஸ் ரசீது, பின்னால் நைட்டியோடு நடந்து போகும் சித்தி. முதல் மூன்றையும் ஓரத்தில் வெட்டிவிடலாம். சித்தியிடம் கேட்டுவிட்டுத்தான் அனுப்ப வேண்டும்.