முதியோர் இல்லத்துச் சமையலறை: புதிதாக வருபவர்களுக்கு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு சின்ன முதியோர் இல்லத்தில் வாரம் மூன்று நாள் சமைக்கிறேன். அங்கிருப்பவர்களில் பலர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிப் பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். சோற்றைக் கொட்ட அவர்களுக்கு மனசு வராது. குழம்பு லேசாகப் புளித்திருந்தாலும் "பரவாயில்லம்மா, ஊத்து" என்பார்கள். வயதானால் நாக்கும் மூக்கும் மங்கிவிடும், நோயைத் தாங்கும் சக்தியும் குறையும். நமக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போவது அவர்களைக் கட்டிலில் சாய்த்துவிடும். அதனால் முகர்ந்து பார்த்து முடிவெடுக்கும் வீட்டுப் பழக்கம் இங்கே உதவாது. கடிகாரத்தையும் தெர்மோமீட்டரையும்தான் நம்ப வேண்டும்.

படி 1: காகிதங்கள்

நான்கு பேர் அல்லது அதற்கு மேல் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லம், 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி சமூக நல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். சமைப்பவர்கள் எல்லாரும் உணவு கையாளும் பயிற்சிக்குப் போய்ச் சான்றிதழ் வாங்க வேண்டும். டைபாய்டு தடுப்பூசியும் போட வேண்டும், அது மூன்று ஆண்டு செல்லும். இரண்டையும் நகலெடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். சுத்தமில்லாத உணவுக்கூடத்தை 14 நாள் வரை மூட 1983 உணவுச் சட்டம் அதிகாரிகளுக்கு இடம் தருகிறது.

படி 2: தெர்மோமீட்டர்

ஊசி முனை உள்ளதாக வாங்குங்கள். குவளை நிறைய ஐஸ் போட்டு, அது மூழ்கத் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். ஊசி அடியிலும் பக்கத்திலும் படாமல் நடுவில் பிடியுங்கள். 0 டிகிரி காட்டினால் சரியான கருவி. கோழி, மீன் எதுவானாலும் தடித்த துண்டின் நடுவில் குத்தி 70 டிகிரியாவது வந்திருக்கிறதா என்று பாருங்கள். பரிமாறும் வரை 60க்கு மேல் சூடாக வையுங்கள். ஐஸ்பெட்டி (பிரிட்ஜ்) 5க்குக் கீழே இருக்கட்டும். காலையும் மாலையும் பார்த்துத் தாளில் எழுதுங்கள். அதிகாரி வந்தால் காட்டவும் அந்தத் தாள் உதவும்.

படி 3: சோறு

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான், நானும் தவறியிருக்கிறேன். மதியம் மிஞ்சிய சோற்றை மூடி அடுப்பு ஓரத்திலேயே வைத்துவிட்டு, சாயங்காலம் சுட வைத்தால் போதும் என்றிருந்தேன். மூத்த அக்கா ஒருவர் பானையைத் தொட்டுப் பார்த்துவிட்டு அப்படியே கொட்டச் சொன்னார். அரிசியில் ஒட்டிவரும் பசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் விதைகள் வேக வைத்தாலும் சாகாது. வெதுவெதுப்பான சோற்றில் அவை பெருகி வெளியிடும் நஞ்சு, மறுபடி கொதிக்க வைத்தாலும் போகாது. மிஞ்சும் என்று தெரிந்தால் அகலமான தட்டில் மெல்லிசாகப் பரப்பி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்புக்கும் இதே கணக்கு. நம் ஊர்ச் சூட்டில் அது இன்னும் சீக்கிரம் திரிந்துவிடும்.

படி 4: முட்டையும் பிளெண்டரும்

காலையில் கோப்பியோடு அரைவேக்காட்டு முட்டை கேட்கும் தாத்தாக்கள் உண்டு. காலமெல்லாம் அப்படிப் பசியாறியவரிடம் இல்லை என்று சொல்ல வாய் வராது. ஆனாலும் வேகாத முட்டையில் சால்மோனெல்லா என்ற கிருமி பயம் இருக்கிறது. மஞ்சள் கரு கெட்டியாகும் வரை அவித்து, மிளகும் சோயா சாஸும் விட்டு மசித்துக் கொடுத்துப் பாருங்கள். எங்கள் தாத்தா ஒருவர் ஒரு வாரம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இப்போது சாப்பிடுகிறார்.

விழுங்க முடியாதவர்களுக்குச் சோறு அரைக்கும் பிளெண்டரை ஒவ்வொரு முறையும் பிரித்துக் கழுவுங்கள். கத்திக்கு அடியில் இருக்கும் ரப்பர் வளையத்தைக் கழற்றினால் உள்ளே பழைய கஞ்சி காய்ந்து ஒட்டியிருக்கும்.

படி 5: சோதனைக்கு வந்தால்

பச்சை இறைச்சி கீழ்த்தட்டில், சமைத்தது மேல்தட்டில். குப்பைத் தொட்டிக்கு மூடி, கை கழுவும் இடத்தில் சோப்பு. எலிப் புழுக்கை எங்கும் இருக்கக் கூடாது. தினமும் இப்படியே இருந்தால் அன்றைக்கென்று ஓட வேண்டியதில்லை.

படி 6: கட்டிலோர அலமாரி

இதை மறந்துவிடாதீர்கள். திருவிழாவுக்கு யாரோ கொடுத்த வடையைப் பேப்பரில் சுற்றி, அப்புறம் சாப்பிடலாம் என்று பத்திரப்படுத்துவார்கள். பங்கீட்டு அரிசிக்குக் காத்திருந்த வீட்டில் வளர்ந்தவர்கள், அந்தப் பழக்கம் எப்படிப் போகும்? திட்டாதீர்கள், தெரியாமல் எடுக்கவும் வேண்டாம். நான் பாட்டி ஒருவரிடம் மூடி இறுக்கமான டின்னில் பிஸ்கட் நிரப்பிக் கொடுத்து, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். டின்னை ஆட்டிப் பார்த்துவிட்டு, வடைப் பொட்டலத்தை என் கையில் வைத்தார்.