பாய்மரக் கப்பலில் முதல் இரவு வாட்ச்: என்ன கற்றுக்கொள்ள வேண்டும்?

கப்பலில் சேர்ந்ததும் கயிறு இழுக்கவும் பாய் சுருட்டவும் பழக்குவார்கள். பிறகு ஒருநாள், "இன்றிரவு 12-லிருந்து 4 வரை உன் வாட்ச்" என்பார்கள். வாட்ச் என்றால் மற்றவர்கள் தூங்கும்போது கப்பலைப் பார்த்துக்கொள்ளும் முறை. ஜிபிஎஸ் திரை இருக்கிறதே, அது போதாதா என்று தோன்றும். திரை நம் கப்பல் எங்கே இருக்கிறது என்று காட்டும். விளக்கில்லாமல் குறுக்கே வரும் படகைக் காட்டாது. அதனால்தான் கண், பென்சில், திசைகாட்டி மூன்றையும் முதலில் பழகச் சொல்கிறேன்.

1. பகலிலேயே வரைபடத்தில் கை பழகுங்கள்

கடல் மைல் என்பது 1,852 மீட்டர். வரைபடத்தின் இட, வல ஓரங்களில் இருக்கும் அட்சரேகை அளவில் ஒரு நிமிடம்தான் ஒரு கடல் மைல். தூரத்தைக் கவராயத்தில் எடுத்து, அதே உயரத்தில் உள்ள ஓரத்தில் வைத்து அளக்க வேண்டும். மேல், கீழ் ஓரங்களில் அளந்தால் கணக்கு தப்பும்.

இரவு 10 மணிக்கு இருந்த இடத்தைக் குறித்துவிட்டீர்கள். கிழக்கு நோக்கி 6 நாட் (மணிக்கு 6 கடல் மைல்) வேகத்தில் ஒன்றரை மணி நேரம் போயிருக்கிறீர்கள். அப்படியானால் அங்கிருந்து கிழக்கே 9 கடல் மைலில் ஒரு புள்ளி. இது கணித்த இடம்தான். நீரோட்டமும் காற்றும் கப்பலைத் தள்ளியிருக்கும். ஜிபிஎஸ் காட்டும் இடத்தோடு ஒப்பிட்டால் எவ்வளவு தள்ளியது என்பது தெரிந்துவிடும்.

திசைகாட்டி காந்த வடக்கைத்தான் காட்டும். அதற்கும் உண்மை வடக்குக்கும் உள்ள வேறுபாடு 10 பாகை மேற்கு என்று வரைபடத்தில் இருந்தால், வரைபடத்தின் 090 பாகைக்கு (கிழக்கு) காந்தத் திசை 100. பக்கத்தில் இரும்போ கைப்பேசியோ இருந்தால் முள் இன்னும் விலகும்.

2. அரை மணி நேரம் முன்பே எழுந்திருங்கள்

கண் இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். வெள்ளை டார்ச் ஒருமுறை அடித்தால் மறுபடி முதலிலிருந்து பழக வேண்டும்; சிவப்பு விளக்கு மட்டும் போதும். பாதுகாப்புப் பட்டையை மாட்டி, கொக்கியைப் பிணைத்த பிறகே மேல்தளத்துக்கு வாருங்கள். முன் வாட்ச்காரரிடம் கப்பலின் திசை, வேகம், காற்று, ஏற்றியிருக்கும் பாய்கள், கண்ணில் பட்ட விளக்குகள், கேப்டனின் உத்தரவு எல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. சுக்கான்

திசைகாட்டியையே முறைத்துக்கொண்டிருந்தால் கப்பல் பாம்பாக நெளியும். கப்பல் சரியான திசைக்கு வந்ததும், முன்னால் தாழ்வாகத் தெரியும் ஒரு நட்சத்திரத்தைப் பாய்மரத்துக்கோ கயிற்றுக்கோ நேராக வைத்துப் பிடியுங்கள். வானம் மணிக்கு 15 பாகை சுழல்வதால், 15 நிமிடத்துக்கு ஒருமுறை திசைகாட்டியைப் பார்த்து வேறு நட்சத்திரத்துக்கு மாறுங்கள்.

4. விளக்குகளை வாசிப்பது

வாட்ச்சின் உயிரே இதுதான். ஓடிக்கொண்டிருக்கும் கப்பலுக்குப் பொதுவாக இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, பின்னால் வெள்ளை. இயந்திரத்தில் ஓடும் கப்பலுக்கு மேலே ஒரு வெள்ளை விளக்கு கூடுதல். 50 மீட்டரும் அதற்கு மேலும் நீளமானால் இரண்டு. அதில் முன்னால் உள்ளது தாழ்ந்திருக்கும். தாழ்ந்த விளக்கு இடப்பக்கம் இருந்து, சிவப்பும் தெரிந்தால், அது உங்கள் இடப்பக்கமாகப் போகிறது. இரண்டு வெள்ளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நின்று, சிவப்பும் பச்சையும் சேர்ந்தே தெரிந்தால் நேராக உங்களை நோக்கித்தான் வருகிறது.

கண்ணால் பார்த்து "தூரத்தில்தான் இருக்கிறது" என்று முடிவு செய்யாதீர்கள். இருட்டில் தூரம் பிடிபடாது. திசைகாட்டியில் அந்த விளக்கின் பாகையை எடுத்து எழுதுங்கள். மூன்று நிமிடம் கழித்து மறுபடி, அதன்பின் இன்னொரு முறை. 040, 040, 041 என்று மாறாமல் நின்று விளக்கும் பெரிதாகிக்கொண்டே வந்தால் மோதும் பாதை. 040, 046, 053 என்று நகர்ந்தால் பெரும்பாலும் விலகிப் போகும். மிகப் பெரிய கப்பலோ, மிக அருகில் இருப்பதோ என்றால் அப்போதும் நம்ப வேண்டாம்.

அவகாசமும் குறைவுதான். 6 கடல் மைலில் ஒரு கப்பல் தெரிகிறது, அது 18 நாட், நீங்கள் 6 நாட், நேருக்கு நேர் என்றால் 15 நிமிடம்தான் மிச்சம். இயந்திரக் கப்பல் பாய்மரக் கப்பலுக்கு வழிவிட வேண்டும் என்று கடலில் மோதலைத் தவிர்ப்பதற்கான 1972-ன் சர்வதேச விதிகள் சொல்வது பொதுவாக உண்மை. முந்துவது நீங்கள் என்றாலோ, எதிரில் இருப்பது வலை இழுக்கும் கப்பல் என்றாலோ விலக வேண்டியது நீங்கள். அதோடு, அந்தக் கப்பலில் இருப்பவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

5. எழுதுங்கள், எழுப்புங்கள்

மணிக்கொருமுறை நேரம், இடம், திசை, வேகம், காற்று, காற்றழுத்தம் ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதுங்கள். காற்று வலுத்தாலோ, பாகை மாறாத விளக்கு தெரிந்தாலோ, சந்தேகம் வந்தாலோ கேப்டனை எழுப்பிவிடுங்கள். தூக்கத்தைக் கெடுத்ததற்காக நல்ல கேப்டன் யாரும் திட்டமாட்டார். தாமதமாக எழுப்பினால் திட்டுவார். அடுத்த வாட்ச்காரர் வரும் நேரத்தில் ஒரு கப்பலைச் சுற்றி விலகிக்கொண்டிருந்தால், அது முடிந்த பிறகே சுக்கானைக் கைமாற்றுங்கள்.