பொதுத் தூய்மை அறையில் புதிய பொருளைப் பயன்படுத்த அனுமதி பெறுவது எப்படி?

பல ஆய்வுக் குழுக்கள் ஒரே கருவிகளைப் பகிர்ந்துகொண்டு மின்னணுச் சில்லுகள் செய்யும், தூசு மிகக் குறைந்த தூய்மை அறைக்குள், ஏற்கெனவே அனுமதிக்கப்பட்ட பட்டியலில் இல்லாத ஒரு பொருளைக் கொண்டுசெல்வதற்கு முன் பரிசீலனைக் குழுவின் எழுத்துமூல ஒப்புதல் தேவை. இத்தகைய விண்ணப்பங்கள் வாரக்கணக்கில் இழுபடுவதற்குப் பொருளின் அபாயத்தைவிட விண்ணப்பத்தின் விவரக்குறைவே பெரும்பாலும் காரணமாக இருக்கிறது. குழுவின் மனத்தில் இருப்பவை இரண்டு கேள்விகள்: இப்பொருள் ஆளுக்குத் தீங்கு செய்யுமா? உங்களுக்கு அடுத்து அதே கருவியில் வேஃபரை (சில்லுகள் செய்யப்படும் மெல்லிய சிலிக்கான் வட்டு) வைக்கப் போகிறவரின் வேலையை இது கெடுக்குமா? முதல் கேள்விக்கு எல்லாரும் பக்கம் பக்கமாகப் பதில் எழுதிவிடுகிறார்கள். விண்ணப்பம் தேங்கி நிற்பது இரண்டாவது கேள்வியில்தான்.

எழுதத் தொடங்குமுன் உங்கள் ஆய்வகத்தின் கருவிகள் எப்படி வகைப்படுத்தப்பட்டுள்ளன என்று பாருங்கள். பெயர்கள் இடத்துக்கு இடம் மாறினாலும், மிகத் தூய்மையானவை, ஓரளவு தூய்மையானவை, தங்கம் முதலிய உலோகங்களை அனுமதிப்பவை என்ற மூன்று தரங்கள் பெரும்பாலும் இருக்கும். தங்கம் இப்படித் தனித்து வைக்கப்படுவதற்கு வலுவான காரணம் உண்டு: உலையின் வெப்பத்தில் அது சிலிக்கானுக்குள் மிக விரைவாகப் பரவி, ஆற்றல் இடைவெளியின் (எலெக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் வரம்பு) நடுப்பகுதியை ஒட்டி ஒரு நிலையை உருவாக்கி, மின்னூட்டத் துகள்களின் ஆயுளைக் குறைத்துவிடும். செம்பு அறை வெப்பநிலையிலேயே சிலிக்கானுக்குள் நகரக்கூடியது. சோடியமும் பொட்டாசியமும் சிலிக்கான் ஆக்சைடுக்குள் மின்புலத்தால் நகர்ந்து டிரான்சிஸ்டர் இயங்கத் தொடங்கும் மின்னழுத்தத்தையே மாற்றிவிடும். சமையல் உப்பில் உள்ள சோடியம் உடலுக்கு அபாயமானதல்ல. டிரான்சிஸ்டரின் கேட் முனைக்கு அடியிலுள்ள மெல்லிய மின்காப்பு அடுக்கான கேட் ஆக்சைடை வளர்க்கும் உலைக்கோ அது பரம எதிரி. ஆகவே ‘நச்சுத்தன்மை அற்றது’ என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும் விண்ணப்பம் பாதி விண்ணப்பமே.

அடுத்து, உற்பத்தியாளர் வெளியிட்ட பாதுகாப்புத் தரவுத் தாளைப் பெறுங்கள். அதே வேதிப்பெயர் கொண்ட வேறொரு நிறுவனத்தின் தாள் போதாது. நீங்கள் வாங்கப்போகும் அதே பொருளின், அதே செறிவின் தாள் வேண்டும். அதிலுள்ள 16 பிரிவுகளில் கலவைக் கூறுகளைச் சொல்லும் மூன்றாவது, இயற்பியல் பண்புகளைச் சொல்லும் ஒன்பதாவது, நிலைத்தன்மையையும் வினைபுரிதலையும் சொல்லும் பத்தாவது, கழிவகற்றலைச் சொல்லும் பதின்மூன்றாவது ஆகிய பிரிவுகளைக் குழு கூர்ந்து படிக்கும். மூன்றாவது பிரிவில் ‘வணிக இரகசியம்’ என்று மறைத்திருந்தால், அதில் உலோகங்கள் எந்த அளவில் உள்ளன, கரைப்பான் எது என்று உற்பத்தியாளரிடம் எழுதிக் கேட்டு, வந்த பதிலை இணைத்துவிடுங்கள். குழு எப்படியும் அதைக் கேட்கத்தான் போகிறது.

விண்ணப்பத்தின் உயிர்நாடி செயல்முறை வரிசைதான். அனுமதி ஒரு பொருளுக்கென்று பொதுவாக வழங்கப்படுவதில்லை. இன்ன பொருள், இன்ன கருவியில், இன்ன வெப்பநிலைவரை என்றுதான் வழங்கப்படுகிறது. உதாரணமாக, வெளியே துத்தநாக ஆக்சைடு பூசப்பட்ட வேஃபரை உள்ளே கொண்டுவந்து, ஒளிபட்டால் கரைதிறன் மாறும் பூச்சான ஃபோட்டோரெசிஸ்ட் கொண்டு வடிவமைத்து (இதுவே லித்தோகிராஃபி), பின்னர் பிளாஸ்மா (மின்னூட்டமுற்ற வாயு) முறையில் சிலிக்கான் நைட்ரைடால் மூட நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘துத்தநாக ஆக்சைடு மெல்லேடு, லித்தோகிராஃபி, நைட்ரைடு’ என்று ஒரு வரியில் எழுதினால், ஆக்சைடு வெப்பத்தைத் தாங்கும் நிலையான பொருள் என்ற எண்ணமே எழும். படிப்படியாக விரித்துப் பார்த்தால் இரண்டு இடங்களில் சிக்கல் தென்படும். இந்த ஆக்சைடு அமிலத்திலும் காரத்திலும் கரையக்கூடியது என்பதால், ஃபோட்டோரெசிஸ்டில் வடிவத்தைக் கழுவி வெளிக்கொணரும், காரத்தன்மை கொண்ட டெவலப்பரில் சிறிதளவு கரைந்து, அது பொதுத் தொட்டியாக இருந்தால் அடுத்தவரின் வேஃபர்மீது துத்தநாகம் படியும். நைட்ரைடு பூசும் கலத்தில் சிலேனும் அம்மோனியாவும் உண்டாக்கும் ஹைட்ரஜன் பிளாஸ்மா ஆக்சைடின் மேற்பரப்பை உலோகமாக ஒடுக்கக்கூடும். துத்தநாகம் ஏறக்குறைய 420 டிகிரி செல்சியஸில்தான் உருகும் என்றாலும், வெற்றிடத்தில் அதற்கு வெகு முன்பே ஆவியாகிக் கலத்தின் சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

இந்த இரண்டு சிக்கல்களையும் நீங்களே எழுதி, டெவலப்பரைத் தனிக் குடுவையில் ஊற்றிப் பயன்படுத்திய பின் தனிக் கழிவாகச் சேகரிப்பதாகவும், நைட்ரைடுக்கு முன் அணு அடுக்குப் படிவு முறையில் (அடுக்கடுக்காக மிக மெல்லிதாகப் பூசும் முறை) அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு, உறை பூசுவதாகவும் சொன்னால், பரிசீலனை வெகுவாகச் சுருங்கும். அந்த அலுமினா கருவிக்கும் அதே கேள்விகள் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம். ஒவ்வொரு படிக்கும் கருவியின் பெயர், வெப்பநிலை, அழுத்தம், வாயுக்கள், நேரம், அந்தக் கட்டத்தில் பொருள் வெளியே தெரிகிறதா அல்லது மூடப்பட்டிருக்கிறதா என்பதைக் குறிப்பிடுங்கள். வேஃபரின் பின்புறத்தையும் விளிம்பையும் தனியே சொல்ல வேண்டும். வேஃபரைத் தாங்கும் தட்டையும் எடுத்து வைக்கும் இயந்திரக் கையையும் தொடுவது அந்தப் பின்புறம்தான்.

வெற்றிடக் கருவி எதுவானாலும் ஆவியழுத்தம் (பொருள் ஆவியாகும் போக்கின் அளவு) பற்றிய வரி ஒன்று இருந்தே ஆக வேண்டும். துத்தநாகம், காட்மியம், கந்தகம், செலினியம் போன்றவை ஆவியழுத்தம் மிகுந்தவை. துத்தநாகம் கலந்த பித்தளையில் செய்த சிறு திருகுகூட இதனால்தான் சூடாகும் வெற்றிடக் கலத்துக்குள் அனுமதிக்கப்படுவதில்லை. பிளாஸ்மா அரிப்பு என்றால் வினையின் விளைபொருள் ஆவியாகி வெளியேறுமா என்று எழுதுங்கள். செம்பு குளோரின் பிளாஸ்மாவிலும், அலுமினியம் ஃபுளோரின் பிளாஸ்மாவிலும் எளிதில் ஆவியாகாத உப்புகளையே தருகின்றன. அவை கலத்திலேயே தங்கிவிடும்.

பாலிமர்களுக்கு எந்த வெப்பநிலையில் சிதையத் தொடங்குகிறது என்பதைக் காட்டும் எடையிழப்பு வரைபடம், நீண்ட விளக்கத்தைவிடப் பயன்படும். விண்வெளித் துறையிலிருந்து வந்த ஏ.எஸ்.டி.எம். ஈ 595 சோதனையில் பொருளை 125 டிகிரி செல்சியஸில் 24 மணி நேரம் வெற்றிடத்தில் வைத்து அளக்கிறார்கள். மொத்த எடையிழப்பு 1 விழுக்காட்டுக்கும், குளிர்ந்த பரப்பில் படிவது 0.1 விழுக்காட்டுக்கும் மிகாமல் இருப்பது வழக்கமான வரம்பு. அந்த எண்கள் கிடைத்தால் இணையுங்கள். ஆனால் உங்கள் படி 125 டிகிரிக்கு மேல் போகுமென்றால் அவற்றை மட்டும் நம்ப வேண்டாம். பலரும் விட்டுவிடும் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும்: சிறு சில்லைத் தாங்கு வேஃபரில் ஒட்டப் பயன்படுத்தும் பசை, நாடா, வெப்பக் களிம்பு ஆகியவையும் புதிய பொருள்களே. சிலிக்கோன் பசை கொண்ட நாடாவுக்குத் தனி ஒப்புதல் கேட்காதவர்களே அதிகம்.

ஆள்பாதுகாப்புப் பகுதியைச் சுருக்கமாக எழுதலாம்; ஆனால் பொதுவாக எழுதக் கூடாது. எந்தக் கையுறை, எந்த வெட் பெஞ்ச் (வேதிக் கரைசல்களைக் கையாளும் காற்றோட்ட மேசை), எவ்வளவு அளவு, எந்தக் கழிவுக்கலன், எதனோடு சேரவே கூடாது என்பன தெளிவாக இருக்க வேண்டும். கந்தக அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த பிரானா கரைசலுக்கு அருகில் அசிட்டோனைக் கொண்டுபோவதாக ஒரு வரி இருந்தாலே விண்ணப்பம் திரும்பிவிடும், திரும்பவும் வேண்டும். நானோதுகள்களை உலர் தூளாகக் கொண்டுவருவதைவிட நீர்மத்தில் கலந்து கொண்டுவருவதாகச் சொல்வது நல்லது.

படிவத்தைச் சமர்ப்பிக்குமுன், நீங்கள் பயன்படுத்தப்போகும் ஒவ்வொரு கருவியின் பொறுப்பாளரிடமும் வரைவைக் காட்டிவிடுங்கள். இதே பொருள் வேறொருவருக்கு ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டிருந்தால் அதை முதலில் சொல்லக்கூடியவர் அவர்தான். குழு பெரும்பாலும் அவருடைய கருத்தைக் கேட்டுத்தான் முடிவெடுக்கும். முழு அனுமதி கேட்பதைவிட, அவர் உடனிருக்க ஒரே ஒரு வேஃபரில் சோதனை ஓட்டம் நடத்தவும், அதன்பின் கலத்தைத் தூய்மைப்படுத்தி வெற்று வேஃபரை ஓட்டி அரிப்பு வேகமோ படிவு வேகமோ பழைய நிலைக்குத் திரும்பியதா என்று அளந்து காட்டவும் முன்வந்தால், தயங்கும் குழுவும் இசைந்துவிடக்கூடும்.

மறுப்பு வந்தால் எந்தப் படிக்காக மறுக்கப்பட்டது என்று கேளுங்கள். அந்தப் படியைத் தரம் தளர்ந்த கருவிக்கு மாற்றுவது, பொருளைப் பூசும் கட்டத்தைச் செயல்முறையின் கடைசிக்குத் தள்ளுவது, அல்லது அப்படியை உங்கள் சொந்த ஆய்வகத்திலேயே செய்வது ஆகிய மூன்றில் ஒன்று பெரும்பாலும் கைகொடுக்கும். ஒப்புதல் கிடைத்த பிறகு உற்பத்தியாளர், செறிவு, வெப்பநிலை, கருவி ஆகியவற்றில் எதை மாற்றினாலும் திருத்தம் அனுப்பிப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டும். குப்பியின்மேல் பொருளின் பெயர், உங்கள் பெயர், திறந்த தேதி, அனுமதி எண் ஆகிய நான்கும் இருக்கட்டும். முகவரியற்ற குப்பியைக் கண்டால் ஊழியர்கள் அதைக் கழிவாகவே கருதுவார்கள்.