போல் ஃபிட்னஸ் (செங்குத்துக் கம்பத்தில் செய்யும் உடற்பயிற்சி): தலைகீழாகத் திரும்பும் முன்

இரு கைகளாலும் கம்பத்தைப் பிடித்து, முழங்கால்களை நெஞ்சுக்கு மடக்கி 10 நொடி தொங்க முடிகிறதா? கம்பம் உடலின் வலப்புறம் இருக்கும்போதும் இடப்புறம் இருக்கும்போதும் முடிய வேண்டும்; இல்லையென்றால் தலைகீழைத் தள்ளிப்போடுங்கள்.

கம்பம் பொதுவாக 45 மி.மீ. தடிமன். சுழலும் வகை என்றால் பூட்டிவிடுங்கள். கீழே தடித்த மெத்தை, பக்கத்தில் பயிற்றுநர். அன்று உடலில் எண்ணெயோ லோஷனோ கூடாது. மரக்கம்பத்தில் செய்யும் மல்லர் கம்பம் விளையாட்டில் கம்பத்துக்கு விளக்கெண்ணெய் பூசுவார்கள், இங்கே வெறும் தோல்தான் பிடிமானம்.

கம்பம் அக்குளை ஒட்டி இருக்க, கைகளை நெஞ்சு உயரத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, முழங்கைகளை மடக்கியே பிடியுங்கள். தோள்களைக் கீழே இழுத்து, மூச்சை விட்டபடி முழங்கால்களை மடக்குங்கள். இடுப்பு மேலே ஏற ஏறத்தான் தலை பின்னால் சாய வேண்டும். இடுப்பு தலையைத் தாண்டியதும் கால்களைக் கம்பத்தின் இருபுறமும் விரியுங்கள்.

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: தரையை உதைத்துத் துள்ளுவது. வேகம் தூக்கிவிடும், ஆனால் எடை முழுவதும் திடீரெனத் தோளில் விழும். இறங்குவதும் கட்டுப்பாட்டில் இராது. கை நீண்டுபோனாலும் இதே கதி.

முழங்காலின் பின்மடிப்பு கம்பத்தை இறுகக் கவ்வும்வரை கையை விடாதீர்கள். இறங்கும்போது மோவாயை நெஞ்சோடு சேர்த்து, வந்த வழியே மெதுவாக.

உயர் ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய், கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். தலை சுற்றினால் உடனே இறங்கி உட்காருங்கள்.