கேன்சர் ட்ரையல்ல சேரலாமான்னு யோசிக்கிறவங்க பாக்க வேண்டியது

ட்ரையல்னா புது மருந்தையோ சிகிச்சையையோ நோயாளிங்களுக்கு குடுத்து சோதிச்சு பாக்குற ஆராய்ச்சி. மொதல்ல பயாப்ஸி (கட்டியிலேருந்து துளி சதை எடுத்து பண்ற டெஸ்ட்) ரிப்போர்ட்டை கையில எடுத்துக்கோங்க, எந்த வகை கேன்சர், எந்த ஸ்டேஜ், இதுவரைக்கும் என்னென்ன கீமோ போச்சுன்னு ஒரே பேப்பர்ல எழுதிடுங்க, ட்ரையல்ல எடுப்பாங்களா மாட்டாங்களான்னு முடிவாகுறதே பெரும்பாலும் இதுலதான்.

அப்புறம் சி.டி.ஆர்.ஐ. வெப்சைட், அதாவது இந்தியாவுல நடக்குற ட்ரையல்களோட பதிவேடு. நம்ம நாட்டுல நடக்குற ட்ரையலை 2009லேருந்து ஆள் சேக்குறதுக்கு முன்னாடியே அதுல பதிஞ்சாகணும், அதனால யாராவது ட்ரையல்னு சொன்னா பதிவு நம்பரை தயங்காம கேளுங்க, நம்பர் தரலைன்னா கையெழுத்து போடாதீங்க. அதுலயே எந்த ஆஸ்பத்திரி, இன்னும் ஆள் எடுக்குறாங்களான்னும் இருக்கும்.

ட்ரையல் எந்த ஃபேஸ்ல, அதாவது எந்த கட்டத்துல இருக்குன்னு கேளுங்க. ஃபேஸ் 1ன்னா முக்கியமா எவ்ளோ டோஸ் உடம்பு தாங்கும்னு பாக்குறது, ஃபேஸ் 3ன்னா இப்ப இருக்குற ட்ரீட்மென்ட்டோட ஒப்பிடுறது. மும்பை டாடா மெமோரியல்ல தலை கழுத்து கேன்சருக்கு வழக்கமான மருந்தோட நிவோலுமாப்ங்கிற இம்யூனோதெரபி மருந்தை (உடம்போட எதிர்ப்பு சக்தியை கேன்சருக்கு எதிரா தூண்டுறது) வெறும் 20 மில்லிகிராம், 3 வாரத்துக்கு ஒரு தடவை சேத்து குடுத்து பாத்தாங்க, ஒரு வருஷம் தாண்டி உயிரோட இருந்தவங்க 16.3 சதவீதத்துலேருந்து 43.4 ஆச்சு. டோஸை குறைச்சு, விலை எட்டாத மருந்தை நம்ம ஜனங்களுக்கு கிட்ட கொண்டு வந்த வேலை அது, எனக்கு ரொம்ப பெரிய விஷயமா படுது.

கன்சென்ட் ஃபார்ம், அதாவது நீங்க கையெழுத்து போடுற சம்மத பத்திரம், தமிழ்லயே கேளுங்க, வீட்டுக்கு கொண்டுபோய் நிதானமா படிங்க. 2019 விதிப்படி ட்ரையலால பாதிப்பு வந்தா இலவச சிகிச்சை, நஷ்டஈடு ரெண்டும் உண்டு. எப்ப வேணா விலகலாம், அதுக்காக ஆஸ்பத்திரி உங்க வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. ஃபார்ம்ல எதிக்ஸ் கமிட்டி (ட்ரையல்ல சேர்றவங்க உரிமையையும் பாதுகாப்பையும் பாத்துக்குற குழு) போன் நம்பர் இருக்கும், ஃபார்மோட ஒரு காப்பி கேட்டு வாங்கி வச்சுக்கோங்க.